மிஸ் வில்லெட்டாவின் குளியலறைச் சுவர்

மிஸ் வில்லெட்டாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே பிளீச் நெடி மூக்கில் ஏறியது. பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அவர் புகார் கொடுத்த குளியலறைச் சுவர் பளிச்சென்று இருந்தது. முன்பு வந்த ஆய்வாளர்களும் இப்படி ஒரு சுவரைப் பார்த்துத்தான், பழுது எதுவும் இல்லை என்று புகாரை முடித்திருக்கிறார்கள்.

"காலையில கழுவினீங்களா?"

"ஆள் வர்றாங்கன்னா கழுவாம? என்னை என்னன்னு நெனச்சே?"

எனக்குப் புரிந்தது. ஓஹையோவில் இதே மாதிரி அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். ஆய்வு நாளன்று அம்மா அடுப்புக்கு அடியில்கூடத் துடைப்பாள். வீடு அசுத்தம் என்று யாராவது எழுதிவிட்டால் வீடே போய்விடும் என்ற பயம். அழுக்கும் பழுதும் எங்களுக்கு ஒன்றுதான். இரண்டையும் மறைக்கப் பழகியிருந்தோம்.

இப்போது குடியிருப்பு நிர்வாகம் முறையை மாற்றியிருக்கிறது. ஒரு புகார் பலர் கைக்கு மாறாமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் அதோடு நிற்க வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு அந்த ஆள் நான்.

வில்லெட்டாவின் மகள் ஜோஸ்லினுக்கு ஆஸ்துமா. பூஞ்சை போகும்வரை இங்கே தூங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், சித்தி வீட்டு சோபாவில் கிடக்கிறாள்.

"பிளம்பர் வர்ற வரைக்கும் கழுவாதீங்க, மிஸ் வில்லெட்டா."

"பார்த்துட்டு வெளியில போய் என்ன பேசுவான்?"

"ஜோஸ்லின் வரணுமா, வேண்டாமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிளம்பர் டெல்ராய் வந்த அன்று சுவர் கறுத்துக் கிடந்தது. தேவாலயத்துக்கு உடுத்தும் நீல உடையில், சுவரை முதுகால் மறைத்து நின்றார் வில்லெட்டா.

"நான் வீட்டை சுத்தமா வச்சிருக்கிறவ, தம்பி."

"சுவருக்குள்ள போய் யாரு துடைக்கிறது மேடம்? எங்க மாமியாரே அங்க வரைக்கும் போனதில்ல."

வில்லெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகர்ந்து வழிவிட்டார்.

டெல்ராய் சுவரை அறுத்துப் பார்த்தார். இந்த வீட்டுக் குழாயில் குறையில்லை. தண்ணீர் மேலிருந்து இறங்கியது. "மேல் வீட்டுல ஒழுக்கை அடைக்காம இங்க பூசினா, மறுபடியும் கறுத்துடும்."

நானும் டெல்ராயும் மேலே ஏறிப்போனோம். மேல் வீட்டு பெர்னடீன் சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"இங்க ஒண்ணும் ஒழுகல. நான் புகார் கொடுத்தேனா?"

"உங்க மேல ஒண்ணும் வராது, மிஸ் பெர்னடீன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க."

கதவு சாத்திக்கொண்டது. முன்னறிவிப்பு ஒட்டிவிட்டு, பிறகு நிர்வாகத்தின் மாற்றுச் சாவியால் திறக்கலாம். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சாவிச் சத்தத்துக்குப் பயந்து வளர்ந்தவள் நான். அதை இன்னொருத்தி காதில் போட எனக்கு மனம் வரவில்லை. ஜோஸ்லினை நினைத்தால், போடாமல் இருக்கவும் முடியாது போலிருந்தது.

அப்போது வில்லெட்டா மூச்சு வாங்க, வீட்டுச் செருப்போடு படியேறி வந்தார்.

"பெர்னடீன், நான்தான்."

"உன் சுவருக்கு நான் என்ன பண்ண?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போன தடவை நீ காபிக்கு வந்தப்ப, பாத்ரூம்ல தண்ணி வரலன்னு உன்னை மேலயே அனுப்பினேனே. தண்ணியெல்லாம் வந்துச்சு. சுவரை நீ பார்த்துடக் கூடாதுன்னுதான்."

கதவு மறுபடி சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"ரொம்ப மோசமா?"

"கரி மாதிரி. இவங்க ரெண்டு பேரும் பார்த்துட்டாங்க. நீயும் வந்து பாரு, கதவைத் திறந்துதான் போட்டிருக்கேன்."

சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. பெர்னடீன் எங்களைப் பார்க்காமல் வில்லெட்டாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "முதல்ல நீ மட்டும் வா. தொட்டிக்கு அடியில துணியா அடைச்சு வச்சிருக்கேன். அதை எடுத்துடலாம்."

"எடுக்காதே," என்றார் வில்லெட்டா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "இவன் பார்க்கட்டும்."