கல்லறைச் சுவரில் ஒரு புள்ளி

1
இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. 'அன்புள்ள மரினோஸ், அந்தச் சுவர் நத்தைகளைப் பற்றி உன்னிடம் நான்' என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்றிலும் தேதி, ஊர்ப் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கிரீட் வரை வந்து அவனிடம் போட்டுக்கொடுக்கப்போவதில்லை.

2
(மழையில் தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். நத்தைக் கதை என்றாலே மழைதானா?)

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில் இறைச்சி கூடாது, நத்தை கூடும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி எர்கினா, தான் பிறந்த காசோஸ் தீவிலிருந்து ஒரு வாளி நத்தை கொண்டுவந்தாள். சமைக்கும் முன் அவற்றின் வயிறு சுத்தமாகட்டும் என்று மாவு தூவி மூடினோம். மூடிமேல் கல் வைப்பது என் வேலை. மறந்தேன். விடிந்தபோது பாதி வாளி காலி. வீட்டுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துச் சுவர்; தப்பியவை அதில் ஏறியிருந்தன.

"விடுங்க, செத்தவங்களும் சாப்பிட்டுப் போகட்டும்" என்றாள்.

3
மரினோஸ் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். முப்பது ஆண்டுகளாக மத்தியதரைக் கடல் பக்கத்து நத்தைகளை வகைபிரிக்கிறான். எந்த வகை எந்தப் பாறையில் என்று புள்ளி வைத்த வரைபடம்தான் அவன் வாழ்நாள் உழைப்பு. இங்கே ஒரு சரிவில் ஒரு வகை, அடுத்த சரிவில் வேறு, ஏனென்றால் அவை நகர்வது அவ்வளவு மெதுவாக, அதாவது (உவமை தேடினேன். நத்தைக்கு உவமை நத்தைதான்.)

வாளி காலியாகி நான்கு ஆண்டுகள் கழித்து, சுவரில் அந்த நத்தைகளைக் கண்டு என்னிடம் ஓடிவந்தான்.

"மனூசோ, காசோஸ் நத்தைடா! நம்ம ஊர்ல! எப்படி வந்துச்சு சொல்லு?"

வாயைத் திறந்தேன்.

"ஒரு காலத்துல ரெண்டு தீவும் ஒரே நிலம்டா மடையா! கடல் புகுறதுக்கு முன்னாடியே இது இங்க இருந்திருக்கு!"

வாயை மூடிக்கொண்டேன். தன் மனைவியைப் புதைத்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். (இது காரணமா, சாக்கா? இந்த வரியை இருமுறை அடித்து, இருமுறை திரும்ப எழுதியிருக்கிறேன்.) அந்த ஒரு புள்ளியை நம்பி ஒரு புத்தகமே எழுதிவிட்டான்.

4
இன்று காலை அந்தப் புத்தகத்தில் சேரும் வரைபடத்தோடு வந்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஊர்ப் பெயர்களை என்னைத்தான் எழுதச் சொல்வான்.

"இது ஒண்ணுதான் பாக்கி. உன் வீட்டுச் சுவரு, நீயே எழுது."

எர்கினா காபியை வைத்தாள். "ஏண்ணே, யாராச்சும் கொண்டுவந்ததா இருந்தா?"

"கொண்டுவந்தா சட்டிக்குல்ல போகும் தங்கச்சி! நம்ம ஊர்ல எவன் நத்தையைத் தப்பிக்க விடுவான்?"

அவன் மட்டும் சிரித்தான். நான் எழுதினேன். என் எழுத்து நடுங்கக்கூட இல்லை.

5
முதல் முடிவு: சொல்லிவிடுகிறேன். எழுபது வயதில் அவன் புத்தகத்தைக் கிழிக்கிறான்.

இரண்டாவது: சொல்லவில்லை. முகம் தெரியாத யாரோ அந்தப் புள்ளியை நம்பி, இல்லாத நிலத்தைக் கடலடியில் தேடி

இரண்டும் எனக்கு எழுத வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவன் நிற்கிறான். வரைபடம் கக்கத்தில், அச்சகத்துக்குப் போகும் பேருந்து வளைவில். கூப்பிடலாமா என்று நீங்கள் யோசிப்பதற்குள் ஏறிவிடுவான். ஏழு வருடமாக நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.