எல்லை தாண்டி வேலைக்குப் போன வீடு

மார்ச் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு, ஓதன் ஊரின் சுரங்கத் தெரு ஒன்பதாம் எண் வீடு, நதீன் புருனெல்லி ஏறிய பேருந்தின் பின்னாலேயே கிளம்பி, பிரான்ஸ் எல்லையைத் தாண்டி லக்சம்பர்குக்குள் போனது. சமையலறைக் குழாயைச் சரியாக மூடாததால் வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது. மாலையில் அவளோடு திரும்பி வந்து தன் அஸ்திவாரக் குழியில் உட்கார்ந்துகொண்டது. ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த எல்லையைத் தினமும் தாண்டுகிறவர்கள், அதனால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "இருக்கற நெரிசல் பத்தாதுன்னு வீடு வேறயா!" என்று பேருந்து ஓட்டுநர் மட்டும் அலுத்துக்கொண்டார்.

வீட்டைத் தெருவுக்கு இழுத்தது வங்கிதான். எல்லைக்கு அப்பால் எஷ் நகரத்து முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாக நதீன் வேலை பார்த்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, கால் நகம் வெட்டிவிட்டவள். ஒன்பதாம் எண்ணில் குடியிருந்ததும் அதே பதினாறு வருடம்தான். உரிமையாளர் பெல்லகாம்பி, மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்து, வீட்டை அவளுக்கே விற்பதாக ஒப்பந்தம் எழுதினார். இரண்டு மாதத்துக்குள் கடன் கிடைக்காவிட்டால் வீடு வேறு கைக்குப் போகும், அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். ஓதனில் வங்கி அதிகாரி கீஃபர் அவள் சம்பளச் சீட்டை விரல்நுனியால் தள்ளிவைத்தார்.

"வெளிநாட்டுச் சம்பளம் மேடம். மூணுல ரெண்டு பங்கைத்தான் கணக்குல எடுப்போம்."

"எது சார் வெளிநாடு? எங்க அடுப்படி ஜன்னல்ல நின்னா தெரியுது!"

"தெரியறது வேற மேடம், ரிஸ்க் வேற."

என்ன பொல்லாத ரிஸ்க்? இரண்டு நாட்டிலும் ஒரே யூரோ. அவள் சம்பளம் மாதாமாதம் இதே வங்கியில்தான் விழுந்தது. அப்போது மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத் திருப்பிக் கொடுக்க இந்தக் கனவானுக்குத் தோன்றவில்லையே! நதீன் எஷ் நகரத்து வங்கிக்குப் போனாள். அங்கே ஒரு பெண் காபி கொடுத்து உட்காரவைத்து, "சம்பளம் பிரமாதமா இருக்கு மேடம். ஆனா வீடு வெளிநாட்டுல இருக்கே" என்றாள். அன்று மாலை நதீன் தட்டைத் துடைத்தபடி சுவரைப் பார்த்து, "உன்னத் தூக்கிட்டா போக முடியும்?" என்று கத்தினாள். மறுநாள் காலை வீடு கிளம்பிவிட்டது.

பகலெல்லாம் அது முதியோர் இல்லத்தின் வாகன நிறுத்தத்தில் இரண்டு ஆம்புலன்ஸ்களுக்கு நடுவில் நின்றது. எஷ் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, மகிழ்ச்சியாக அளந்து, இரவில் எங்கே இருக்கும் என்று விசாரித்து, எல்லைக்கு அப்பால் உறங்கும் வீட்டுக்குக் கடன் இல்லை என்று எழுதினார். கீஃபர் பகல் பதினொரு மணிக்குச் சுரங்கத் தெருவுக்கு வந்து பார்த்தார். நிலவறைப் படிகளும் குழியும்தான் இருந்தன. பகலில் வெளிநாட்டில் இருக்கும் சொத்து என்பதால் அதன் மதிப்பையும் மூன்றில் இரண்டாகக் குறைத்தார். மனுஷிக்குச் செய்த அநியாயத்தை வீட்டுக்கும் செய்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். பக்கத்து வீட்டு லூசெத் மட்டும் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டாள். எல்லைக்கு அப்பால் காபியும் சிகரெட்டும் மலிவு, போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவது ஊர் வழக்கம்.

"ஏண்டி நதீன், வீடே போகுது, இனிமே கை வலிக்குதுன்னு சாக்குச் சொல்ல முடியாது. எனக்கு பத்து பாக்கெட் காபி."

அந்த வாரம் முழுவதும் வீடு தெருவுக்கே வாங்கிய காபியின் வாசனையோடு திரும்பியது.

கெடு முடிந்தது. லக்சம்பர்கிலிருந்து ஒரு நிறுவனம், வீட்டை வாங்கி நான்கு அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட, மூன்று முறை ஆள் அனுப்பியது. மூன்று முறையும் அலுவலக நேரத்தில் வந்து குழியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இல்லாத வீட்டுக்குப் பத்திரம் எழுத முடியாது என்று நோட்டரி கையை விரித்தார். பெல்லகாம்பி குழியோரம் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பேங்க்காரன் கெடக்கான் விடும்மா. யாரு பின்னால போகணும்னு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. மாசாமாசம் எனக்கே குடுத்துடு, பதினஞ்சு வருஷத்துல முடிச்சிடலாம்."

"முழுச் சம்பளத்தையும் கணக்குல எடுப்பீங்களா ஐயா?"

"என் கண்ணு முன்னால நீ சம்பாதிச்சதும்மா. ஒரு சல்லிக்காசு கழிக்கமாட்டேன்."

நதீன் கழிவறைக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு, நான்காம் எண் அறைக் கிழவருக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். பத்திரம் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, வீடு வந்து சேர்ந்த பிறகு, அதன் சமையலறை மேசையிலேயே கையெழுத்தானது.

திங்கட்கிழமை காலை அவள் வாசலில் நின்று, "இனி நீ அலைய வேணாம். எனக்குத்தான்னு எழுதியாச்சு" என்றாள். ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்திக்கொண்டு வீடு ஏற்கெனவே தயாராக இருந்தது. இப்போது காலை வானொலியில் எல்லைச் சாலையின் நிலவரம் சொல்லும்போது, லாரிகள் ஏழு, வீடு ஒன்று, தாமதம் பன்னிரண்டு நிமிடம் என்று படிக்கிறார்கள். பேருந்தில் இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீடு நதீனுடையது என்று யாராவது ஒருவர் புதிதாக ஏறியவருக்குச் சொல்கிறார்.