மூன்றாவது சம்மனசு

கோவிந்தம்மா தினமும் காலை எட்டு மணிக்கு மோட்சத்துக்கு வேலைக்குப் போனாள். தலையில் சும்மாடு, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்துச் சட்டி. மோட்சம் என்று சொன்னது அவள் இல்லை, பங்குச் சாமியார்தான்.

புதுவாயலிலிருந்து கிழக்கே ஏரிப் பக்கம் போகும் பாதையில் அந்த மாதா கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம். குவிமாடம் மூடிய அன்று சாமியார் கூலியாட்களுக்கெல்லாம் பொரிகடலையும் வெல்லமும் கொடுத்து, கோயிலைச் சுற்றிக் காட்டினார். நீளமான இந்தக் கூடம் ஒரு கப்பல், நாமெல்லாம் பயணக்காரர்கள். பன்னிரண்டு தூணும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதிக்கு இந்தப் பக்கம் பூமி, அந்தப் பக்கம் மோட்சம். பீடத்துக்கு நேர் மேலே குவிமாடத்தில் நீலம் அடித்து, நடுவில் தேவமாதாவையும் சுற்றி இறக்கை வைத்த தேவதூதர்களாய் முப்பத்திரண்டு சம்மனசுகளையும் எழுதப் போகிறார்கள். செத்த பிறகு பார்க்கப் போவதை இருக்கும்போதே கொஞ்சம் பார்த்துக்கொள்ளத்தான் கோயில் என்றார்.

"அப்ப நாங்க தெனமும் மோட்சத்துக்குப் போய்ப் போய் வர்றமா சாமி?" என்று பச்சையம்மா கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள்.

சாமியாரும் சிரித்தார். "கோயில மந்திரிக்கிற வரைக்கும் போலாம். அதுக்கப்புறம் கிராதியத் தாண்டிப் பொம்பளைங்க போகக் கூடாதும்மா."

நல்ல மனுஷர்தான், பொய் சொல்லவில்லை. கட்டுகிற வரைக்கும்தான் மோட்சம் கூலிக்காரிக்குத் திறந்திருக்கும். கட்டி முடித்த கையோடு கதவைச் சாத்திவிடுவார்கள். உலகத்தில் எந்த மாளிகைக்கும் அதுதானே வழக்கம்.

கோவிந்தம்மா சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன மாசியில் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிளிஞ்சல் அரித்துக்கொண்டிருந்தபோது, மணல் திட்டில் உட்கார வைத்திருந்த ஐந்து வயசு அஞ்சலை தண்ணீரோடு போய்விட்டாள். கூடையைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள், திட்டு காலியாக இருந்தது. மறுநாள் காலையில்தான் உடம்பு கிடைத்தது. அன்றையிலிருந்து புருஷன் முனிகிருஷ்ணன் அவளோடு பேசுவதில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சோற்றைப் போட்டால் தின்றான், போடாவிட்டால் சும்மா இருந்தான். பிள்ளையின் பெயர் அந்த வீட்டில் அப்புறம் யார் வாயிலும் வரவில்லை. அவன் கிளிஞ்சல் சூளையில் சுண்ணாம்பு சுட்டான். அவன் சுட்ட சுண்ணாம்பை அவள் கோயிலில் அரைத்தாள். ஒரே குடிசையில் இருந்த இரண்டு பேருக்கும் நடுவில் வெள்ளையாய்ப் போய் வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

குவிமாடத்தில் எழுத வந்தவர் திருவள்ளூர் பூவராகவன். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, மடப்பள்ளி வேலையை விட்டுவிட்டுத் தூரிகை பிடித்தவர். நெற்றியில் நாமத்தோடு தேவமாதாவை எழுதினார். "வைகுண்டத்து மேகமும் இந்த மேகமும் ஒண்ணுதாம்மா. நீலத்துல வெள்ளையக் கலந்தாத் தீர்ந்தது" என்பார். மாதாவை அழகாக எழுதிவிட்டார். சம்மனசுகளில்தான் மாட்டிக்கொண்டார். பத்து எழுதினார், பத்தும் ஒரே முகம். சாமியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரு தாய் பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கே ஐயரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவராகவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாரத்தில் சாந்து கொண்டு வந்த கோவிந்தம்மாவை நிறுத்தி, "உனக்குக் குழந்தை இருக்கோ? மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு" என்றார்.

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. சட்டியை இறக்கி வைத்தாள்.

"மூஞ்சி உருண்டையா இருக்கும் ஐரே. காது மட்டும் வெளிய தூக்கிக்கினு நிக்கும். இடது புருவத்துல ஒரு வெட்டு, ஓட்டாஞ்சில்லு கிழிச்சது, அங்க முடியே மொளைக்காது. மேல முன்பல்லு ஒண்ணு இல்ல. சிரிச்சா ஒரு பக்கமாத்தான் சிரிக்கும்."

அவர் கரித்துண்டால் குவிமாடச் சுவரில் காலியாய் இருந்த இடத்தில் கிறுக்கினார். "கன்னம் இவ்ளோ இல்ல" என்றாள். அழித்து எழுதினார். "கண்ணு இன்னும் கீழ" என்றாள். மறுபடி அழித்தார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இருக்காளா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

பூவராகவன் தூரிகையைக் கையில் எடுத்தார். கரிக்கோட்டின் மேல் வர்ணம் ஏற்றினார். இறக்கை வைத்தார். மாதாவின் வலது கையிலிருந்து மூன்றாவது சம்மனசு. "பேச்சு வெளியே போகப்படாது. போச்சுன்னா நானும் போயிடுவேன், சுவர்ல இருக்கற இவளும் போயிடுவா" என்றார்.

அதற்குப் பிறகு கோவிந்தம்மா வேலைக்கு முதல் ஆளாக வந்தாள். சாந்து அரைத்து முடித்துக் கிராதியைத் தாண்டும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பாள். மேலே ஓட்டைப் பல்லோடு பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். புருஷனிடம் அவள் சொல்லவில்லை. பயம் என்று அவளே நினைத்துக்கொண்டாள். பயம் பாதிதான். ஒரு வருஷமாய் முகம் கொடுக்காதவனுக்கு இதில் ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்பது மீதி. உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அதில் ஒரு திமிர்கூட இருந்தது.

ஒரு நாள் மட்டும் வாய் சும்மா இராமல் உபதேசியாரைக் கேட்டாள். உபதேசியார் ஞானாதிக்கம், ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பவர், கோயில் கட்டும் கணக்கும் அவர் கையில்தான். சாமி வரம் கொடுத்தாலும் கொடுக்காத பூசாரி எல்லா மதத்திலும் இருக்கிறார்.

"கொயந்தப் புள்ளைங்க செத்தா மோட்சத்துக்குப் போவுமா ஐயா?"

"ஞானஸ்நானம் வாங்கினது போவும்."

"வாங்காதது?"

"போவாது. இருட்டா ஒரு எடம் கீது. அங்கியே கெடக்கும். கடவுள் மூஞ்சியப் பாக்காது."

எருமை விலை சொல்வது போலச் சொல்லிவிட்டு நடந்தார். கோவிந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. இவருக்கு விஷயம் தெரியவில்லை, பாவம், என்று நினைத்துக்கொண்டாள். அவள் பிள்ளைதான் மேலே உட்கார்ந்திருக்கிறதே.

மாசி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் வந்து கோயிலை மந்திரித்துத் திறப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அஞ்சலை போய் ஒரு வருஷம் முடிகிற நாள். கன்னியாய்ச் செத்த பெண்ணை ஏரிப் பக்கத்துக் குடும்பங்கள் சும்மா விடுவதில்லை. வருஷம் திரும்பும் நாளில் தண்ணீரிடம் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செம்பில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப் பாவாடையும் பூவும் வைத்துப் படையல் போடுவார்கள். பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கூப்பிடாமல் விட்டால் பிள்ளை கரை தெரியாமல் அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கோவிந்தம்மா யோசித்தாள். ஏரியில் போய் எதற்குக் கூப்பிட வேண்டும்? பிள்ளை அங்கேயா இருக்கிறது? இருக்கிற இடத்தில்தானே படைக்க வேண்டும். அதோடு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கிராதியைத் தாண்டவும் முடியாது. வேறு எவளும் செய்யாத தப்பை, அவ்வளவு நியாயமாக யோசித்து அவள் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போனதும், பீடத்துக்கு நேர் கீழே வாழையிலை விரித்தாள். வறுத்த இறால், நெத்திலிக் கருவாடு, பொரி உருண்டை. ஒரு சாண் சிவப்புப் பாவாடை, ஆறு கண்ணாடி வளையல், கனகாம்பரம். கற்பூரம் ஏற்றி, அண்ணாந்து பார்த்து, "அஞ்சல, வாடி, வந்து துன்னு. அம்மா வந்துகீறேன்" என்று கூப்பிட்டாள்.

ஞானாதிக்கம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது.

கால் மணி நேரத்தில் அங்கே ஊரே கூடிவிட்டது. மோட்சத்தின் நடுவில் கருவாட்டு வாசம். உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தினார். "சம்மனசுன்னு சொல்லி எவனோ குப்பத்துப் புள்ளைய எழுதிக்கீறான் சாமி! இன்னிக்குக் கருவாடு, நாளைக்கு வந்து கோழி அறுப்பாங்க. நாம மாதா கோயில் கட்டல, பூவாடைக்காரி கோயில் கட்டிக்கீறோம்!"

சாமியார் பூவராகவனைப் பார்த்தார். பூவராகவனுக்கு நுங்கம்பாக்கத்தில் இன்னொரு கோயில் வேலை பேசியிருந்தது. "நான் காலண்டரப் பார்த்து எழுதினேன். இவ பிள்ளைய நான் கண்டேனா? செத்த துக்கத்துல பாக்கறதெல்லாம் அவ பிள்ளையாத் தெரியறது" என்றார். கண் மட்டும் கீழே இருந்த இலையை விட்டு எழும்பவில்லை.

சாமியார் இளகின மனசுக்காரர். எப்படியாவது இந்த முகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் பார்த்தார். கோவிந்தம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "இதோ பாரும்மா. அது வெறும் சம்மனசுன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் கை வைக்க மாட்டேன். ஒன் பிள்ளையோட உருவம்னா வைக்க முடியாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய மாதா பக்கத்துல வச்சு மேற்றிராணியார் எப்படி மந்திரிப்பார்? எல்லார் முன்னாலயும் சொல்லு. அது ஒன் பிள்ளையா?"

கோவிந்தம்மா மேலே பார்க்கவில்லை. பார்த்தால் நாக்கு எழாது என்று அவளுக்குத் தெரியும்.

"இல்ல சாமி."

"பேர் சொல்லிக் கூப்பிட்டியே!" என்றார் உபதேசியார்.

"என் புள்ளைய நெனச்சிக்கினு கூப்ட்டேன். மேல கீறது சம்மனசு. எம் புள்ள ஏரியோட போச்சு. அது எம் புள்ள இல்ல."

ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பிள்ளை பிழைத்துக்கொண்டது. சாமியார் நிம்மதியாய்ப் பெருமூச்சு விட்டார். இலையை எடுத்துவிட்டு இடத்தைக் கழுவச் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றார் உபதேசியார். "புள்ளைக்கு நைனான்னு ஒருத்தன் கீறான். வெளிய வண்டியில சுண்ணாம்பு எறக்கிக்கினு கீறான். ஒண்ணும் சொல்லாம அவனையும் கேப்போம்."

கோவிந்தம்மா முன்னால் வந்தாள். "அவருக்கு சூளைப் பொகையில கண்ணு சரியாத் தெரியாது சாமி" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஓடிப் போய் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். உபதேசியார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

முனிகிருஷ்ணன் தலை முதல் கால் வரை வெள்ளையாய் உள்ளே வந்தான். அவன் இதுவரைக்கும் கோயிலுக்குள் வந்ததே இல்லை. இத்தனை பேரைப் பார்த்து, என்ன தப்பு செய்தோமோ என்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கண்ணால் ஒரு ஜாடை காட்டலாம் என்று கோவிந்தம்மா பார்த்தாள். ஒரு வருஷமாய் அவள் முகத்தைப் பார்க்காதவன் இன்றைக்கு மட்டும் பார்த்துவிடுவானா?

"அங்க மேல பாரு. மாதா கைப்பக்கம் மூணாவது. யாருன்னு தெரியுதா?" என்றார் உபதேசியார்.

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். ஒரு அடி முன்னால் போனான். இன்னொரு அடி. கிராதியைத் தாண்டினான். அவனுக்குத் தெரியவில்லை, தெரியாது, தெரியக் கூடாது என்று கோவிந்தம்மா, தான் கும்பிட்ட சாமியையும் கும்பிடாத மாதாவையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

முனிகிருஷ்ணனின் முகம் மெதுவாக மலர்ந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் சிரித்தான்.

"அஞ்சல! இன்னாடி கண்ணு, இங்க வந்து குந்திக்கினு கீற? நைனா ஒன்ன ஏரியெல்லாம் தேடிக்கினு கீறேன்!"

இரண்டு கையையும் மேலே நீட்டினான், பிள்ளை குதிக்கும், பிடித்துக்கொள்ளலாம் என்பது போல. கூட்டத்தில் பச்சையம்மா ஓவென்று அழுதுவிட்டாள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பூவராகவனிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பூசிடுங்க."

பூசுவதற்கு அரைத்த சுண்ணாம்பு வேண்டும். மற்ற பெண்கள் ஒதுங்கி நின்றுவிட்டார்கள். "தீட்டாக்குனது அவதான, அவளே அரைக்கட்டும்" என்றார் உபதேசியார். கோவிந்தம்மா அம்மியில் உட்கார்ந்து அரைத்தாள். அன்று முனிகிருஷ்ணன் சூளையிலிருந்து கொண்டு வந்த சுண்ணாம்பு அது. கையெல்லாம் வெந்தது. பூவராகவன் சாரத்தில் ஏறி, மட்டப்பலகையால் முதலில் வாயை மூடினார், அப்புறம் கண்ணை. கீழே யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை சுத்தமாகவே இருந்தது.

முனிகிருஷ்ணன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்குப் பாதிதான் விளங்கியது. உபதேசியார் போகிற போக்கில் மீதியை விளக்கிவிட்டுப் போனார்: "ஒன் பொண்டாட்டி, அது எம் புள்ளையே இல்லன்னு சத்தியமா சொன்னாப்பா. நீதான் உண்மையச் சொன்ன. நல்ல மனுசன்."

அவன் அம்மிப் பக்கம் வந்து அவளுக்கு எதிரில் குந்தினான். ஒரு வருஷம் கழித்து அவளோடு பேசினான்.

"இல்லன்னு சொன்னியாமே? பெத்தவ வாயில எப்டிமே வந்துச்சு? ஏரியில ஒரு தபா விட்ட. இங்க வந்து ரெண்டாந் தபாவும் விட்டியா?"

கோவிந்தம்மா குழவியை நிறுத்தினாள். இதைச் சொன்னால் இவன் தாங்குவானா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அந்த ஒரு வருஷத்தையும் நினைத்தாள்.

"நான் இல்லன்னு சொன்னேன்யா, அவ இருந்தா. நீ வந்து ஆமான்னு சொன்ன. பூசறாங்க, பாத்துக்கோ."

அவன் மேலே பார்த்தான். மூன்றாவது இடத்தில் ஈரமாய் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பக்கத்திலிருந்த இறக்கை மட்டும் இன்னும் மூடவில்லை. வெகு நேரம் பார்த்தான். பிறகு, வழி கேட்பவன் மாதிரி, அவளிடமே கேட்டான்.

"அப்ப நானும் இல்லன்னு சொல்லியிருக்கணுமா?"

"ஆமா" என்றாள் அவள்.

மேலேயிருந்து பூவராகவன் இன்னும் ஒரு சட்டி கேட்டார். அவள் எழுந்து, சும்மாட்டைச் சரிசெய்து, சட்டியைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள். முனிகிருஷ்ணன் எழுந்து தூக்கிவிட்டான்.