சுத்தமான பேட்ஜ்

"பார்க்க மணல் மாதிரிதான் இருக்கும். தண்ணியில கலந்திருக்கிற கதிர்வீச்சு விஷத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கும். பதிலுக்குத் தன்கிட்ட இருக்கிற சோடியத்தைக் குடுத்துடும்."

"எடுத்த விஷத்தை?"

"விடாது. உள்ளேயே வெச்சுக்கும்."

"உன் கோபம் மாதிரி."

"ஆமா. நிரம்பிட்டா யாரும் கிட்ட போகக் கூடாது. அதுலயும் என்னை மாதிரிதான்."

கல்யாணத்துக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் மனைவியோடு நடந்த பேச்சு. அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது அளவீட்டு அறையில் அவளுடைய பேட்ஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அணு உலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அந்த ஆலையில் ஓடுவது அவள் கண்டுபிடித்த மணல். அவனுக்கு அங்கே பேட்ஜ் படிக்கும் வேலை. உள்ளே போகிறவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் பேட்ஜை மாதம்தோறும் வாங்கி, கருவியில் சூடாக்கி, யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வரம்பு தாண்டினால் அந்த ஆளுக்கு உள்ளே இடமில்லை.

ஈயச் சுவருக்குப் பின்னால் நிற்கும் வால்வுக்காரரின் பேட்ஜ் ஏறிக்கொண்டே போனது. மணல் அடைத்த குழாயை ஒட்டியே நிற்கும் அவளுடையது மட்டும் எப்போதும் சுத்தம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அவன் அறைச் சுவரில் சும்மா தொங்கும் பேட்ஜ் எதைக் காட்டியதோ, அதையேதான் அதுவும் காட்டியது. அப்படியென்றால் அது அவளோடு உள்ளே போகவே இல்லை. கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள்.

முதல் தடவையே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் இத்தனை வருடம் கட்டிக் காத்த வேலை வேறொருவர் கைக்குப் போகும். பொண்டாட்டி வளர்வதைப் பொறுக்காதவன் என்ற பெயர் அவனுக்கு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பூஜ்யம் என்று பதிந்தான்.

இன்று வால்வுக்காரர் வாசலில் தயங்கி நின்றார்.

"சார், மணல் எடுக்குற இயந்திரக் கை சிக்கிக்கிச்சு. உங்க வீட்டம்மா குழாய் மூடியைக் கையாலேயே திறக்கிறாங்க. நான் சொன்னா கேப்பாங்களா?"

சாயங்காலம் வீட்டில் அவள் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் செக்கச் செவேலென்று இருந்தன.

"என்ன மீட்டர் சார், மூஞ்சியில அளவு ரொம்ப ஏறியிருக்கு?"

"விரல் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"சோப்பு ஒத்துக்கல."

"நானும் அதே சோப்பைத்தான் போட்டுக்கிறேன்."

சமையலறையிலிருந்து அவன் அம்மா குரல் கொடுத்தாள். "வாங்கிட்டு வந்ததே நீதானேடா! விலை குறைச்சல்னா கண்ணை மூடிட்டுத் தூக்கிட்டு வந்துடுவே. பாவம், அவ கை வெந்து கெடக்கு."

"பரவாயில்ல அத்தை, சரியாயிடும்" என்று அவள் சிரித்தாள். பொய் அவ்வளவு பழகியிருந்தது.

குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாளைக்கு ஒரு தடவைதாங்க. குழாய் நிரம்பிடுச்சு. மேல் மணலைக் கொஞ்சம் எடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

பொத்தான் மறுபடி விரலிலிருந்து நழுவியது. அவன் குனிந்து அதைப் போட்டுவிட்டான். அவள் விரல்கள் அடுப்பருகே இருந்து வந்தவை போலச் சுட்டன.

"நீ பேட்ஜைக் கழற்றி வெச்சுட்டுப் போறேன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. தெரிஞ்சும் ஊமையா இருந்தேன். உன்னை ஒண்ணு கேக்கணும்னு இத்தனை நாளா தொண்டையிலேயே வெச்சிருந்தேன். இனிமே நீ அந்தக் குழாய் அறைக்குள்ள போகாதே."