பால் பொங்கிய புத்தகம்

தையல்காரி உள்ளே நுழைந்ததும், இறந்துகிடந்த கணவரின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவள் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். வந்தவளின் பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. அட்டையில் எண்ணெய்க் கட்டைவிரல் ஒன்று பதிந்திருந்தது. அழுதவளுடைய விரல்தான்.

பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர் அவள் கணவர். “எதை வேணா விடுங்க, இதை மட்டும் விடாதீங்க” என்று அவர் நீட்டினால் ஊரே பேரம் பேசாமல் வாங்கும். வீட்டிலோ, புத்தகத்தை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவள் படிக்கப் படிக்க, கதை சூடு பிடிக்கிற நேரத்தில் அது மாயமாகிவிடும். கேட்டால், “வேண்டியவங்க கேட்டாங்க.”

யார் அந்த வேண்டியவங்க? அவர் சட்டையை மோந்து பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து சிக்காத ஆள் இன்றைக்குச் சிக்கினாள்.

“டீ போடணும். கொஞ்சம் உள்ள வாம்மா” என்று தையல்காரியை அடுப்படிக்கு அழைத்துப்போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

“அது எப்படி உன் கைக்கு வந்துச்சு?”

“அண்ணன் குடுத்தாருக்கா. படிச்சிட்டுத் திருப்பித் தரணும்னு சத்தியம் வாங்கிட்டுத்தான். வாங்கினவங்க யாரும் திருப்பித் தர்றதில்லன்னு புலம்புவாரு.”

“உனக்கு மட்டும் எதுக்குக் குடுத்தாரு?”

“எல்லாருக்கும்தான்கா குடுப்பாரு. ‘எங்க வீட்ல பால் பொங்கின புத்தகம், கண்ணை மூடிக்கிட்டுப் படி’ம்பாரு.”

“பாலா?”

“அவரு எங்க படிச்சாரு? நாலு பக்கத்துல தூங்கிடுவாராம். நீங்க அடுப்ப மறந்து எதைப் படிக்கிறீங்களோ, அதைத்தான் ஊருக்குச் சொல்லுவாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா, மனுஷன்?”

“சொன்னா நீங்க ஒரு கண்ண அடுப்புல வச்சுப்பீங்களாம். அப்புறம் எதை நம்பி விக்கிறதுன்னு கேட்டாரு.”

அவள் தையல்காரியை மேலும் கீழும் பார்த்தாள். இன்னும் நம்பிக்கை வரவில்லை.

“இந்தக் கதை முடிவுல அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா?”

“நான் சொல்லமாட்டேன்கா. நீங்களே படிங்க” என்று புத்தகத்தை மேடையில் வைத்துவிட்டுத் தையல்காரி கூடத்துக்குப் போனாள்.

தான் பாதியில் விட்ட பக்கத்தை அவள் தேடி எடுத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கூடத்திலிருந்து நாத்தனார் குரல் கேட்டது. “அண்ணி, ஏதோ தீய்ற வாசனை வருதே.”

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.