பெட்டி ஏற்றிய வண்டி

மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை காலை, மலைச்சாலையின் இரண்டாவது வளைவில் தேனீப் பெட்டிகள் ஏற்றிய பழைய பிக்கப் வண்டி ஒன்று ஓரக் கல்லில் இடித்து நின்றது. பம்பர் வளைந்தது. யாருக்கும் காயமில்லை.

ஓட்டி வந்தவளைத் தேனீக்காரி என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். வளைவில் ஒடிக்கும்போது ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தும் சக்கரம் அசையவில்லை. இடித்து நின்ற பிறகு, ஒன்றுமே நடக்காதது போல ஒற்றை விரலுக்குத் திரும்பியது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள்.

மலைக்கு மேலே சூரியகாந்தி பூத்துவிட்டது. வியாழக்கிழமை மதியத்துக்குள் பெட்டிகள் வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாகத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பூவை விட்டால் இந்த வருடத் தேன் போனதுதான்.

புதன்கிழமை முழுக்க வண்டி அவள் தம்பியின் பட்டறையில் கிடந்தது. அவன் ஸ்டீயரிங் எண்ணெயை மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான், முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தான். தெருவை நாலு முறை சுற்றி வந்தான். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"அக்கா, வண்டி தங்கம். உன்னைப் பார்த்தா மட்டும் முறுக்கிக்குது."

"என் கையிலதான் கோளாறுன்னு உங்க மாமா காலையிலேயே சொல்லிட்டாரு. நீ வேற எதுக்குடா அதையே பாடறே? இதோட மூணாவது தடவை வந்திருக்கேன். ஒரு தடவையாவது இங்க வந்து கனத்துச்சா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இங்க வந்தா நல்ல பிள்ளையாயிடுது."

அவள் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து யோசித்தாள். கனத்த இடங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். போன மாதம் ஆற்றங்கரை ஏற்றம். அதற்கு முன்னால் பழத்தோட்டத்து மேடு. இப்போது மலை. சட்டென்று எழுந்து நின்றாள்.

"டேய், எல்லாத் தடவையும் பெட்டி ஏத்தியிருந்தேன்டா!"

"ஏத்திக்கிட்டு இங்க எத்தனை தடவை வந்திருக்கே?"

"ஒரு தடவைகூட இல்லையே. உனக்குத் தேனீன்னாலே ஆகாது. பாவம், பயப்படுவானேன்னு எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டுத்தான் வருவேன்."

தம்பி தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டான்.

"நோயாளியைக் குளிப்பாட்டிச் சிரிக்க வச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கே. நாளைக்கு விடிஞ்சதும் ஏத்துக்கா. நானும் வர்றேன்."

வியாழன் விடியலில் அவள் கணவர் பெட்டி வாசல்களுக்கு வலையடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். தம்பி பட்டறையிலேயே பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். ஓட்டும்போதே இன்ஜினைப் பார்க்க வேண்டுமாம். அக்காவின் வலைத்தொப்பி தலையில், முழுக்கைச் சட்டை கழுத்துவரை பூட்டியிருந்தது.

"மச்சான் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிட்டாரு," என்றார் கணவர்.

"மாமா, கொட்டினா உங்க பேரைச் சொல்லித்தான் கத்துவேன்."

முதல் வளைவில் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தேனீக்காரி, ஸ்டீயரிங் கனக்காமல் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வளைவின் ஏற்றம். முதல் கியர். வலப்பக்கம் ஒடித்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

இன்ஜினின் ஒரு பக்கம் மெல்லத் தலையைத் தூக்கியது.

"தூக்குது! டேய், தூக்குது பாரு!"

ஸ்டீயரிங் எண்ணெய் டப்பாவிலிருந்து, சக்கரத்தை லேசாகத் திருப்ப உதவும் பம்புக்குப் போகும் கறுப்புக் குழாயும் சேர்ந்து மேலே போனது; நடுவில் மடங்கி, மிதிபட்ட குழாய்போல் தட்டையானது. பம்ப் கீச்சென்று அலறியது. ஸ்டீயரிங் கல்லானது. அவள் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தாள். வண்டி நின்றது, இன்ஜின் இறங்கி உட்கார்ந்தது, குழாய் விரிந்தது, அலறல் அடங்கியது.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை பண்ணு!" தம்பி கதவைத் தட்டினான். அவள் பின்னால் எடுத்து மறுபடியும் ஏற்றினாள். மறுபடியும் தூக்கியது, மடங்கியது, அலறியது. இருவரும் சேர்ந்து கத்தினார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்று, பானெட் இல்லாத வண்டியையும் வலைத்தொப்பிக்காரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்ஜின் மவுண்டிங் கிழிஞ்சிருக்குக்கா. இன்ஜினைத் தாங்குற ரப்பர். சும்மா ஓட்டுறப்ப இன்ஜின் ஒழுங்கா உட்கார்ந்திருக்கு. பாரத்தோட ஏத்தத்துல இழுக்கிறப்ப எந்திரிக்குது. குழாயும் சூட்டுல நைஞ்சு போச்சு, மடங்கிக்குது. எண்ணெய் போகலைன்னா பம்ப் என்ன பண்ணும்? பட்டினியில கத்துது. நான் முட்டாள் மாதிரி சக்கரத்தையே திருப்பிக்கிட்டு இருந்தேன்."

"மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"உடைச்சுப் போட்ட வண்டியோட மவுண்டிங் ஒண்ணு நல்லதா கிடக்கு. குழாய் புதுசு இருக்கு. பெட்டியை இறக்க வேணாம், நேரமில்லை. அப்படியே பட்டறைக்கு விடு." சொல்லிவிட்டு உறைந்தான். "அக்கா, வலைக்குள்ள ஒண்ணு வந்திருச்சு."

"அசையாதே. அதுவே போயிடும்."

"அதுக்குத் தெரியுமா அது?"

அது போகவில்லை. காதுமடலில் கொட்டியது. வாக்குக் கொடுத்தபடியே அவன் மாமா பேரைச் சொல்லிக் கத்தினான்.

பட்டறையில் அவள் பெட்டிகள்மேல் நீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏற ஏற உள்ளே இரைச்சல் கூடியது. தம்பி வீங்கிய காதோடு இன்ஜினை ஜாக்கியில் தாங்கி, பழைய மவுண்டிங்கை வெளியே எடுத்தான். ரப்பர் இரண்டாகப் பிளந்து அவன் கையோடு வந்தது. புதிய குழாயைப் பொருத்தி, எண்ணெயில் இருந்த காற்றுக் குமிழ் போகும்வரை ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பச் சொன்னான்.

"போக்கா, போ. நின்னு பேசாதே."

இரண்டாவது வளைவை அவள் முதல் கியரில், நிற்காமல் கடந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் பெட்டிகள் சூரியகாந்திக் காட்டின் ஓரத்தில் இறக்கப்பட்டன. ஒரு பெட்டியில் தேனீக்கள் சூட்டில் இறந்திருந்தன. மற்றவை திறந்துவிடப்பட்டன.