குட்டிச் சங்கு

எங்கள் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயரில்லாமல் ஒன்றும் பிறக்கவில்லை. உள்ளே நுழைந்த முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். நூற்றைம்பது தையல் மெஷின் ஒரே கூரைக்குக் கீழே ஓடுகிற இடத்தில் அப்பா அம்மா வைத்த பெயரெல்லாம் காதில் விழாதாம். அதனால் எதிர்வரிசை வரைக்கும் எட்டுகிற மாதிரி சுருக்கமாக ஒரு பட்டப்பெயர் வேண்டுமாம். சரி, துணியில் குற்றம் பார்க்கிற செக்கிங்காரிக்குப் பூதக்கண்ணாடி என்று ஏழெழுத்தில் வைத்திருக்கிறீர்களே, அது மட்டும் எப்படி எட்டுகிறது என்று கேட்டால் பதில் வராது.

வழக்கம் இதுதான். புதிதாக வருகிறவர் முதல் நாள் டீ நேரத்தில் பேக்கிங் பெட்டிமேல் ஏறி நிற்க வேண்டும். மெக்கானிக் வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் டீ கைக்கு வரும். மறுநாள் காலையில் வரிசைப் பலகையில் சாக்பீஸால் அந்தப் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். ஸ்டோரில் எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்கிறவர் ‘நாளைக்கு’. அவருடைய தம்பி மகன் வேலைக்குச் சேர்ந்தபோது ‘குட்டி நாளைக்கு’. சொந்தக்காரர் உள்ளே இருந்தால் யோசிக்கவே மாட்டார்கள், முன்னால் ஒரு குட்டியைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிற அந்த மெக்கானிக்குக்கு என்ன பெயர் தெரியுமா? வெந்நீர். நாள் முழுக்க பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக் குடிக்கிறாராம், அதனால். மற்றவர்களைத் தோலுரிக்கிற மனுஷனுக்கு எவ்வளவு சாதுவான பெயர் பாருங்கள்.

என் பெயர் சங்கு.

ஒரு தடவை என் மகள் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் விழுந்து கை முறிந்துவிட்டது. தலைமை ஆசிரியை கம்பெனிக்குப் போன் செய்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்று காவலாளி வைத்துவிட்டான். தினமும் காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குழந்தையின் மாவுக்கட்டைப் பார்த்தேன். அவனைக் கேட்டதற்கு, உங்களுக்கு அப்படியொரு பெயர் இருக்கிறதென்று முன்பே சொல்லியிருக்க வேண்டாமா அக்கா என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

சங்கு என்று நாங்கள் சொல்வது கம்பெனிக் கூரைமேல் இருக்கிற ஊதுகுழலை. டீக்கு, சாப்பாட்டுக்கு, வீட்டுக்குப் போக என்று அது ஊதும். அது ஊதினால் கை தானாக மெஷினை நிறுத்திவிடும். தூக்கத்தில் ஊதினாலும் கால் தானாகப் பெடலைத் தேடும். அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், டீக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எனக்குப் போன் என்று சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயிண்டர். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், உயிர் இல்லை என்று அவர் கூட வேலை பார்த்தவர் சொன்னார். நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அறையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. என் சத்தத்தைச் சங்கு என்று நினைத்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டிருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் பதறித்தான் போனார்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து என்னோடு அழுதார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பூதக்கண்ணாடிதான் சோறூட்டினாள். அதெல்லாம் சரி. ஆனால் இருபது நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பி வாசலில் கால் வைத்தபோது வெந்நீர் என்னைப் பார்த்து, சங்கு வந்தாச்சு, இனிமேல் டீக்கு நேரம் பார்க்க வேண்டாம் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அதுவரைக்கும் நான் ‘ஊசி’. ஒல்லியாக இருந்தேன், அந்தப் பெயரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்குப் பலகையில் ஊசியை அழித்துவிட்டுச் சங்கு என்று எழுதினார்கள்.

நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கே வாயைத் திறந்து, என் புருஷன் செத்த சத்தம் உங்களுக்கு வேடிக்கையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களும் மனுஷர்கள்தானே, விட்டிருப்பார்கள். நான் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் போனால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எது எப்படி வந்தது என்பதைத்தான் மறந்தார்கள், பெயரை மறக்கவில்லை.

இரண்டாவது தப்பு மகளிடம் செய்தது. ஏழு வயதில் ஒரு நாள் கம்பெனி வாசலுக்கு வந்தவள், யாரோ என்னைக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டாள். ராத்திரி முழுக்க, ஏம்மா உன்னைச் சங்கு என்கிறார்கள் என்று நச்சரித்தாள். என்னத்தைச் சொல்வது? ஒரு தடவை கட்டிங் பக்கம் தீப்பிடித்தது, கூரையில் இருக்கிற சங்கு ஊதவில்லை, நான் கத்திய கத்தில்தான் எல்லோரும் வெளியே ஓடித் தப்பித்தார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அதுவே வசதியாகப் போயிற்று. கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் புகை சேர்த்தேன், மாட்டிக்கொண்ட ஒரு கர்ப்பிணியைச் சேர்த்தேன். பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதிப் பரிசு வாங்கி வந்தாள்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். வேறு கிடைக்கிற வரைக்கும் உன் கம்பெனியில் பேக்கிங்குக்கு வருகிறேன் என்றாள். எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நேராக ஆபீசில் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பெட்டிமேல் ஏற்றிக் குட்டிச் சங்கு என்று சொல்லிக் கைதட்டப் போகிறார்கள். அப்பன் செத்ததை அவள் தலையில் கிரீடமாக வைக்கப் போகிறார்கள். என்னோடு போய்த் தொலையட்டும், இது என் பிள்ளைமேல் ஒட்டக் கூடாது.

சனிக்கிழமை வெந்நீரைத் தேடிப் போனேன். ஒரு மெஷினுக்கு அடியில் படுத்துத் திருகிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, திங்கக்கிழமை எம்பொண்ணு வர்றா. அவளுக்குக் குட்டிச் சங்குன்னு வெச்சுடாதீங்க.”

“ஏன் தங்கச்சி, நல்ல பேருதானே?”

“எனக்கு அது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை நிறுத்திவிட்டு யோசித்தார். “உனக்குக் கணீர்னு குரலாச்சே. அதுக்காத்தான் வெச்சிருப்பேன்.”

நடிப்பில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தினமும் காலையில் பலகையைப் பார்க்கும்போது இந்த மனுஷனை நான் வயிறெரிந்து சபித்திருக்கிறேன். அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே ஞாபகமில்லை. வேண்டுமென்று வைத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மென்று முழுங்கிவிட்டு, வேறு எதை வேண்டுமானாலும் வையுங்கள், அதை மட்டும் வேண்டாம் என்றேன். இதுக்குப் போய் இவ்வளவா, வைக்க மாட்டேன் போ என்று மறுபடி திருக ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயெடுத்தேன். துணி மடிக்கும்போது, தலை பின்னும்போது என்று ஒவ்வொரு தடவையும் வேறு என்னவோதான் வந்தது. கடைசியில், கம்பெனியில் பழைய கதையெல்லாம் பேசாதே என்று மட்டும் சொன்னேன். ரொம்பத்தான் அடக்கம் உனக்கு என்று என் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

திங்கட்கிழமை டீக்குச் சங்கு ஊதியது. பெட்டிமேல் ஏற்றினார்கள். என் மகள் நல்ல உயரம், அதன்மேல் நின்றதும் மின்விசிறியில் இடிக்காமல் குனிந்துகொண்டாள். வெந்நீர் சொன்ன சொல் தவறவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘ஏணி’ என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு பெயருக்கு அழுத தாய் நானாகத்தான் இருப்பேன். இளவட்டங்கள் சிலர், இது என்ன புதுப் பழக்கம், குட்டிச் சங்குதானே முறை என்று முணுமுணுத்தார்கள். முறையாவது மண்ணாவது என்று நான் கைதட்ட ஆரம்பித்தேன்.

மகள் கையைத் தூக்கினாள்.

“ஏணி வேணாம் மாமா. எனக்கு எங்கம்மா பேரே இருக்கட்டும்.”

வேண்டாம் என்று நான் தலையாட்டியதை அவள் பார்க்கவில்லை. பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தீ, புகை, ஊதாத சங்கு, கர்ப்பிணி, ஒன்று பாக்கியில்லை. எங்கம்மா கத்தவில்லையென்றால் உங்களில் எத்தனை பேர் இன்றைக்கு இருப்பீர்கள் என்று கேட்டாள். புதுசாக வந்த பெண்களெல்லாம் டீயைக் குடிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரு மரியாதை அந்தக் கூடத்தில் எனக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் எனக்கே இனித்தது.

பூதக்கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாள். கெட்டவள் இல்லை. ஆனால் அரை அங்குலம் கோணலாகத் தைத்திருந்தால்கூட அவளால் தாண்டிப் போக முடியாது. முப்பது வருஷமாகச் செய்கிற வேலை அது.

“இங்க எப்ப தீப் புடிச்சுது? உங்கப்பா சாரத்துல இருந்து விழுந்த சேதி வந்தப்ப உங்கம்மா போட்ட சத்தம் அது. சங்கு ஊதிருச்சுன்னு நெனச்சு நாங்க எல்லாரும் டீக்குப் போயிட்டோம். அதுல வந்த பேரும்மா.”

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்குப் போனது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெந்நீர், பிளாஸ்க் மூடியைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். பிறகு மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் மெஷின்கள் பக்கம் போனார். ஞாபகம் வந்துவிட்டது போல. வந்து என்ன பிரயோஜனம்?

மகள் பெட்டியிலிருந்து இறங்கினாள். நீட்டிய டீயை வாங்கவில்லை. நேராக என்னிடம் வந்து, நிஜமா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

“அன்னிக்கு நீ அழுததயா பேரா வெச்சுக் கூப்பிடுறாங்க? இத்தன வருஷமா நீயும் திரும்பி, என்னன்னு கேட்டிருக்க?”

உனக்காகத்தான் என்று சொல்ல வாய் வந்தது. எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிச் சொல்லி அவள் தலையில் கட்டியாகிவிட்டது, இதையும் கட்ட மனசு வரவில்லை. பயம் என்றேன். அப்புறம் பழகிவிட்டது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் ரோட்டைக் கடக்கும்போது நான் பிடிப்பேனே, அந்தப் பிடி.

“இனிமே அப்படிக் கூப்பிட்டா திரும்பாதம்மா.”

“திரும்ப மாட்டேன்” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

டீ நேரம் முடிந்து சங்கு ஊதியது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. மூன்றாவது வரிசையில் டீக்கே வராமல் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இங்கே நடந்தது எதுவும் தெரியாதவள், நூல் தீர்ந்துபோய்க் குரல் கொடுத்தாள்.

“சங்கக்கா!”

திரும்பினேன். என்ன என்றும் கேட்டேன்.

என் மகள் கையை விட்டுவிட்டு பேக்கிங் பக்கம் போனாள்.